நூறு காட்டிய தீவு

அச்சுக்காரர்: பதினெட்டாயிரத்து எழுநூத்தி நாப்பது. அதை இந்த மேசை மேல வை. அப்புறம் பின்னறையைத் திறக்கிறேன்.

சுமைக்காரர்: ஒரே ஒரு பிரதி மச்சான்...

அச்சுக்காரர்: ஒரு பிரதியோ ஒரு தாளோ... கடன் தீராம கதவு திறக்காது மாப்ள.

சுமைக்காரர்: என் அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்ப நீங்க இவ்வளவு கறாரா இல்லையே.

அச்சுக்காரர்: அப்ப நீ புத்தகம் எழுதலையே.

சுமைக்காரர்: அப்ப எனக்கு எழுதவே தெரியாது.

அச்சுக்காரர்: நல்ல காலம் அது. எல்லாரும் நிம்மதியா இருந்தோம்.

சுமைக்காரர்: சரி, பதினெட்டாயிரம் ஒத்துக்கிறேன். முன்னூத்தி இருபது பிரதிக்குத் தாளு, மை, கூலி. அந்த எழுநூத்தி நாப்பது எதுக்கு? இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

அச்சுக்காரர்: விளங்கலையா? ஒவ்வொரு பக்கத்துத் தலையிலயும் புத்தகத்தோட பேரைப் போடணும்னு ஒத்தைக்கால்ல நின்னியே, அதுக்கு. 'முதுகெழுத்து', 'முதுகெழுத்து', 'முதுகெழுத்து'ன்னு தொண்ணூத்தாறு தடவை. மை என்ன ஆத்துலயா ஓடுது?

சுமைக்காரர்: அது இருக்கணும் மச்சான்.

அச்சுக்காரர்: எதுக்கு? அட்டையைப் பார்த்தா பேரு தெரியப்போகுது.

சுமைக்காரர்: அட்டை இல்லைன்னா?

அச்சுக்காரர்: அட்டை ஏன் இல்லாமப் போகுது?

சுமைக்காரர்: நான் முப்பத்தெட்டு வயசுல எழுத்துக் கூட்டிப் படிச்சதே, நான் சுமை தூக்குற கிடங்குல சாமான் பொதியுற தாள்லதான். பழைய புத்தகத்துத் தாளு. பாதிக் கதை இருக்கும். முன்னாடி என்னன்னும் தெரியாது, பின்னாடி என்னன்னும் தெரியாது. ஒரு தாள்ல ஒருத்தி குடத்தைத் தேடிக் கிணத்துக்குள்ள இறங்குறா. அதோட தாளு முடிஞ்சுபோச்சு. எந்தப் புத்தகம்னு மேல போட்டிருந்தா தேடிப் பார்த்திருப்பேன். பதினோரு வருசமா அவ கிணத்துக்குள்ளேயே இருக்கா.

அச்சுக்காரர்: அவளை மேல தூக்குற செலவை என் தலையில கட்டிட்டே.

சுமைக்காரர்: உங்க தலையில எங்க? என் கணக்குலதானே எழுதியிருக்கீங்க.

அச்சுக்காரர்: எழுதி ஒன்றரை வருசம் ஆச்சு. ஒரு காசு வந்துச்சா?

சுமைக்காரர்: கடன் தீர்ந்தாத்தான் தாளை அடுக்கி ஒட்டுவேன்னு நீங்க சொன்னீங்க. ஒட்டினாத்தான் விக்க முடியும்னு நான் சொன்னேன். வித்தாத்தான் கடன் தீரும். இதுல யாரு முதல்ல மூச்சு விடுறதுன்னே தெரியாம ஒன்றரை வருசம் போச்சு. எழுதினவன் கையிலேயே ஒரு பிரதி இல்ல மச்சான். சிரிப்பா சிரிக்கிறாங்க.

அச்சுக்காரர்: இப்ப திடீர்னு எதுக்கு அவசரம்? நாலு மணிக்குள்ள வேணும், நாலு மணிக்குள்ள வேணும்னு வந்ததுல இருந்து பறக்கிறே. மணி இப்பவே மூணேகால்.

சுமைக்காரர்: நாலு மணிக்கு ஒரு அம்மா வர்றாங்க. பரிசு குடுக்கிற அமைப்புல இருந்து.

அச்சுக்காரர்: பரிசா? யாருக்கு?

சுமைக்காரர்: 'முதுகெழுத்து'க்கு.

அச்சுக்காரர்: ... வெயில்ல ரொம்ப நேரம் நின்னியா?

சுமைக்காரர்: இல்ல மச்சான், கேளுங்க. ஒரு புத்தகம் எத்தனை நாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்குன்னு பார்த்துக் குடுக்கிற பரிசாம் அது. எத்தனை வித்துச்சுன்னு பார்க்கிறதில்ல...

அச்சுக்காரர்: பார்த்தா அன்னிக்கே மூட்டை கட்டிருவாங்க.

சுமைக்காரர்: எந்தெந்த நாட்டுல அந்தப் பேரைப் போட்டுத் தேடுறாங்கன்னு பார்க்கிறாங்க. போன்ல, கம்ப்யூட்டர்ல தேடுறோம் இல்ல... எது தேடினாலும் எந்த நாட்டுல இருந்துன்னு எங்கேயோ பதிவாகுதாம். அதை மொத்தமா வச்சு ஒரு படம் போடுறாங்க. எங்க கிடங்குக் கணக்கர்தான் காட்டினார். படிவமும் அவரே போட்டுக் குடுத்தார். இதோ பாருங்க... போனை இப்படித் திருப்பிப் பிடிங்க.

அச்சுக்காரர்: என்ன இது... உலகப் படமா?

சுமைக்காரர்: நீலமா இருக்கிற இடமெல்லாம் நம்ம புத்தகத்தைத் தேடுற நாடு. எண்ணிப் பாருங்க.

அச்சுக்காரர்: ஒண்ணு... ரெண்டு... நாலு... ஏழு... இந்தப் புள்ளி என்ன, அழுக்கா?

சுமைக்காரர்: அழுக்கில்ல, தீவு. அதையும் சேர்த்தா ஒன்பது.

அச்சுக்காரர்: ஒன்பது நாடா!

சுமைக்காரர்: அந்தத் தீவு மேல விரலை வைங்க.

அச்சுக்காரர்: நூறுன்னு காட்டுது. நூறு பேரா?

சுமைக்காரர்: நானும் அப்படித்தான் நினைச்சு ரெண்டு நாள் நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேன். அப்படி இல்லையாம். அங்க மொத்தமாத் தேடுறதுல இதுக்கு எவ்வளவு பங்குன்னு பார்ப்பாங்களாம். எங்க பங்கு அதிகமோ, அதுக்கு நூறு. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ. சின்ன ஊர்ல நாலு பேரு தும்மினா ஊரே தும்முதுன்னு கணக்கு. பெரிய ஊர்ல நாலாயிரம் பேரு தும்மினாலும் காத்துல போயிடும்.

அச்சுக்காரர்: அப்ப இந்த நூறு, நாலு பேரோட தும்மலாக்கூட இருக்கலாம்.

சுமைக்காரர்: இருக்கலாம். ஆனா ரொம்பக் கொஞ்சமா இருந்தா காட்டவே காட்டாதாம். காட்டுதே.

அச்சுக்காரர்: நம்ம நாடு எவ்வளவு காட்டுது?

சுமைக்காரர்: அதை எதுக்கு மச்சான் இப்ப...

அச்சுக்காரர்: சொல்லு மாப்ள. கூச்சப்படாதே.

சுமைக்காரர்: 'காட்டுமளவுக்குத் தரவு இல்லை'ன்னு போட்டிருக்கு.

அச்சுக்காரர்: ஹா! உள்ளூர்ல விலைபோகாத மாடு வெளியூர்ல விலைபோகுமான்னு கேட்டவனைக் கூப்பிட்டு இதைக் காட்டணும்.

சுமைக்காரர்: நான் மட்டும் தினம் ரெண்டு தடவை தேடிப் பார்த்தேன். அதைக்கூட மதிக்கல.

அச்சுக்காரர்: அப்படிச் சொல்லு! நீயே தேடித் தேடி ஏத்திவிட்டிருக்கே.

சுமைக்காரர்: என் போன்ல இருந்து தேடினா இந்த நாடுதானே காட்டும்? நான் என்ன, கிடங்குல இருந்து அந்தத் தீவுக்குப் போய்த் தேடிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தேனா?

அச்சுக்காரர்: அதுவும் சரிதான்... ஆனா ஒண்ணு இடிக்குதே.

சுமைக்காரர்: எது?

அச்சுக்காரர்: ஒரு பிரதியும் வெளிய போகல. அப்புறம் எப்படி... ஒண்ணுமில்ல. விடு.

சுமைக்காரர்: விடாதீங்க மச்சான், நல்ல கேள்வி. எனக்கும் அதுதான் புரியல. அறைக்குள்ள பூட்டிக் கிடக்கிற புத்தகத்தை ஒன்பது நாட்டுல தேடுறாங்க. எப்படி?

அச்சுக்காரர்: பிழைக்கப் போன நம்ம ஆளுங்க யாராவது...

சுமைக்காரர்: நம்ம ஆளுங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? இதே தெருவுல இருக்கிற முடிவெட்டுறவருக்கே தெரியாது. அதுவும் போக, தேடுறவங்களுக்கு நம்ம மொழியே தெரியாதாம்.

அச்சுக்காரர்: மொழி தெரியாதவன் எப்படி எழுதித் தேடுவான்?

சுமைக்காரர்: எழுத வேண்டாமாம். போனை எழுத்துக்கு நேரா நீட்டினாப் போதும், அதுவே படிச்சு அவங்க மொழியில மாத்திக் காட்டும், தேடவும் தேடும்.

அச்சுக்காரர்: எழுத்துக்கு நேரா நீட்டணும்னா கையில தாளு இருக்கணுமே!

சுமைக்காரர்: நீங்களே சொல்லுங்க.

அச்சுக்காரர்: ... நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இந்த மிசினை எல்லாம் நம்ப முடியாது.

சுமைக்காரர்: இன்னும் ஒண்ணு இருக்கு. நாட்டைத் தொட்டா, அதோட சேர்த்து வேற என்ன தேடினாங்கன்னு கீழ வரும். இந்தக் குளிர் நாட்டைத் தொடுங்க. படிங்க.

அச்சுக்காரர்: கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேன்.

சுமைக்காரர்: மூக்கு மேல இருக்கு.

அச்சுக்காரர்: ம்... 'முதுகெழுத்து'... 'இது எந்த மொழி'... 'பீங்கான் கோப்பை, ஆறு உள்ள பெட்டி, விலை'...

சுமைக்காரர்: அடுத்தது?

அச்சுக்காரர்: 'கோப்பையில் கீறல், திருப்பி அனுப்புவது எப்படி.'

சுமைக்காரர்: என் புத்தகத்துல கோப்பையைப் பத்தி ஒரு வரிகூட இல்ல மச்சான்.

அச்சுக்காரர்: இருக்கும். நீ மறந்திருப்பே.

சுமைக்காரர்: நீங்க படிச்சீங்களா?

அச்சுக்காரர்: அடிக்கிறதை எல்லாம் படிச்சா அச்சுக்காரன் கண்ணு என்னத்துக்கு ஆகும்? நான் எழுத்து நேரா இருக்கா, மை ஒட்டியிருக்கான்னுதான் பார்ப்பேன். உள்ள என்ன இருந்தா எனக்கென்ன.

சுமைக்காரர்: அதுவும் நல்லதுதான். இப்ப தீவைத் தொடுங்க. அங்க கோப்பையே இல்ல, வேற என்னவோ.

அச்சுக்காரர்: 'மச்சான் என்றால் என்ன'... ஹா ஹா... 'மச்சான் எங்கே கிடைக்கும்'! இது என்னடா கூத்து! காய்கறின்னு நினைச்சுட்டாங்களா?

சுமைக்காரர்: அங்க அந்த உறவு இல்ல போல.

அச்சுக்காரர்: குடுத்து வச்சவங்க. கடன் தொல்லை இல்லாம இருக்காங்க.

அக்கா: என்ன ரெண்டு பேரும் சிரிப்பும் கும்மாளமுமா? டீ ஆறிப்போகுது. எடுத்துக்கோங்க.

அச்சுக்காரர்: வா வா. உன் தம்பியை உலகமே தேடுதாம். நாமதான் அவன் எப்படா கிளம்புவான்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்.

அக்கா: நீங்கதான் பார்க்கிறீங்க. டேய், கேட்டியா பிரதியை?

சுமைக்காரர்: கேட்டேன். பதினெட்டாயிரத்து எழுநூத்தி நாப்பது கேட்கிறார்.

அக்கா: தாளை எடுத்துத் தர்றதுக்கா? கட்டுக்கு ஒண்ணுன்னு நாப்பத்தெட்டுத் தாளை உருவிக் குடுத்தா அவனே பசை போட்டு ஒட்டிக்கிறான்.

அச்சுக்காரர்: நீ நடுவுல வராதே. தொழில் வேற, உறவு வேற.

அக்கா: அந்தத் தொழில்ல போன வாரம் பூராவும் நான்தான் தாளு எண்ணினேன். அப்ப உறவா இருந்தேன்.

அச்சுக்காரர்: எண்ணினதுக்குப் பதிலாத்தான் மூணு மாசமா கரண்டை உறிஞ்சிக்கிட்டு இருக்கியே! எப்பப் பார்த்தாலும் இஸ்திரிப் பெட்டி. எதைத்தான் தேய்க்கிறியோ... என் சட்டை மட்டும் கசங்கியே கிடக்கு.

அக்கா: வர்ற துணியை எல்லாம் தேய்க்கிறேன். நாலு காசு வருதில்ல? பேச்சை மாத்தாதீங்க, சாவியைக் குடுங்க.

அச்சுக்காரர்: சாவி... எங்கேயோ வச்சேன்.

அக்கா: சட்டைப் பையில தொங்குது. சிவப்பு நூல் கட்டினது.

அச்சுக்காரர்: இது வேற சாவி.

அக்கா: இந்தக் கடையில இருக்கிறதே ரெண்டு பூட்டு.

அச்சுக்காரர்: அறைக்குள்ள எலி இருக்குடி. திறந்தா கடைக்குள்ள ஓடி வந்துடும்.

அக்கா: ஒன்றரை வருசமா பூட்டின அறையில எலி என்னத்தைத் தின்னு உயிரோட இருக்கு? இவன் எழுதினதையா?

சுமைக்காரர்: ஒரு வாசகர் கிடைச்சார்.

அச்சுக்காரர்: அதில்ல... போன மழைக்குப் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு. சாவி திரும்பாது.

சுமைக்காரர்: அவ்வளவுதானே? தள்ளுங்க. கதவைக் கீல்ல இருந்து தூக்கி அப்படியே சாத்தி வச்சுடுறேன். இரும்பு பீரோவை ஒத்தை ஆளா நாலு மாடி ஏத்தினவன் நான். இது தகரக் கதவு.

அச்சுக்காரர்: தொடாதே! ...தொடாதே மாப்ள. சுவரு உதிர்ந்துடும். பழைய கட்டடம்.

சுமைக்காரர்: சரி, தொடல. மூணரை ஆயிடுச்சு. அந்த அம்மா வந்தா நான் என்ன சொல்லட்டும்? பிரதி இல்லைன்னா பரிசு இல்ல. போனாப் போகுது, எனக்கு ஒண்ணும் புதுசில்ல... உங்களுக்குத்தான் அந்த ஆயிரம் பிரதி வேலை போயிடும்.

அச்சுக்காரர்: என்ன ஆயிரம் பிரதி?

சுமைக்காரர்: சொல்லலையா? பரிசுன்னா கையில பணம் தர மாட்டாங்களாம். அவங்க செலவுல ஆயிரம் பிரதி அடிச்சுத் தருவாங்க. முதல்ல எந்த அச்சகம் அடிச்சதோ அதே அச்சகத்துக்கு. பாதிக் கூலி முன்பணம்.

அச்சுக்காரர்: இதை ஏண்டா முதல்லயே சொல்லல?

சுமைக்காரர்: நீங்கதான் வாசல்ல கால் வைக்கும்போதே பதினெட்டாயிரத்து எழுநூத்தி...

அச்சுக்காரர்: அதை விடு. பிரதியை அவங்க பார்த்தே ஆகணுமா? உன் கையெழுத்து நோட்டு இருக்கே, அதைக் காட்டினா ஆகாதா?

சுமைக்காரர்: அச்சான தாளுதான் வேணுமாம்.

அச்சுக்காரர்: கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்த புத்தகமாவது இருந்தா இப்பவே ஒண்ணு அடிச்சிருப்பேன். பழசைக் குடுத்துப் புதுசு வாங்கினப்போ அதுவும் அதோட போயிடுச்சு...

அக்கா: எதுக்கு இப்பப் புதுசா அடிக்கணும்? உள்ளதான் முன்னூத்தி இருபது இருக்கே.

அச்சுக்காரர்: இருக்கு இருக்கு. இல்லைன்னு யாரு சொன்னது?

சுமைக்காரர்: யாரும் சொல்லல மச்சான்.

அச்சுக்காரர்: மாப்ள... நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காம கேளு. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு அடுத்த வாரம் வரச் சொல்லேன். உன் நோட்டைப் பார்த்து நான் ராவும் பகலுமா உட்கார்ந்து... அதாவது... அழகா ஒட்டி, ஓரம் வெட்டித் தயாரா வச்சிருக்கேன்.

சுமைக்காரர்: ஒட்டினா கடனு?

அச்சுக்காரர்: கடன் கிடக்கட்டும்டா. கடன் எங்க ஓடிப்போகுது.

சுமைக்காரர்: அது ஓடாது. அதுதான் பயமா இருக்கு. நான் தூங்கினாலும் பக்கத்துல வந்து படுத்துக்குது.

அச்சுக்காரர்: சரி, பாதி தள்ளுபடி.

அக்கா: பாதியா? ஆயிரம் பிரதி வேலை அவனால வருது.

அச்சுக்காரர்: முக்கால்!

சுமைக்காரர்: நான் அடுத்த வாரம் வரச் சொல்றேன்னு வைங்க. அவங்க கோவிச்சுக்கிட்டு வராமயே போனா? என் புத்தகமும் போய், கால்பங்குக் கடனும் நிக்குமே.

அச்சுக்காரர்: முழுசாத்தான் விட்டுடுறேன், போதுமா? ஊரையெல்லாம் கூட்டிச் சொல்லணுமா?

அக்கா: ஊரு வேண்டாம். எழுதிக் குடுங்க.

அச்சுக்காரர்: என் மச்சானுக்கு நான் எழுதிக் குடுக்கணுமா?

அக்கா: தொழில் வேற, உறவு வேற.

அச்சுக்காரர்: ...பேனா எங்க? தாளு... ஆங், இது கெட்டியா இருக்கு. சொல்லு, என்ன எழுதட்டும்?

சுமைக்காரர்: 'முதுகெழுத்து புத்தகத்துக்கு அச்சுக்கூலி ரூபாய் பதினெட்டாயிரத்து எழுநூற்று நாற்பது. இன்றோடு தீர்ந்தது. இனி கேட்க மாட்டேன்.' தேதி, கையெழுத்து.

அச்சுக்காரர்: '...கேட்க... மாட்டேன்.' இந்தா. எழுநூத்தி நாப்பதையும் சேர்த்து. மனசு குளிர்ந்துச்சா?

அக்கா: குடுங்க, நானும் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன். ...டேய், வச்சுக்கோ.

சுமைக்காரர்: நன்றி மச்சான். ...இது நல்ல அட்டை. பின்னாடி வழவழன்னு இருக்கு.

அச்சுக்காரர்: ம். பில்லு எழுதன்னு வெட்டிக் கட்டி வச்சிருக்கேன். திருப்பாதே, மை காயல...

சுமைக்காரர்: திருப்பிட்டேன். 'முதுகெழுத்து'ன்னு போட்டிருக்கு. கீழ என் பேரு.

அக்கா: என்னங்க, உங்க வாய்க்கும் துருப்பிடிச்சிருச்சா?

அச்சுக்காரர்: அட்டை மட்டும் கொஞ்சம் மிச்சமாச்சு... அதான்...

சுமைக்காரர்: மத்ததெல்லாம் எங்க மச்சான்?

அச்சுக்காரர்: மாப்ள, நான் வேணும்னு செய்யல. மழை ஒழுகுச்சு. இடமும் இல்ல. நீயும் வந்து எடுக்கல. நாலு மாசத்துக்கு முந்தி பழைய பேப்பர்காரன் வாசல்ல வந்து நின்னான்...

சுமைக்காரர்: எத்தனை கிலோ?

அச்சுக்காரர்: முப்பத்தி மூணு.

சுமைக்காரர்: நாலு வருசமா எழுதினேன். முப்பத்தி மூணு கிலோ. நான் ஒத்தைத் தோள்ல தூக்குறதுல பாதிகூட இல்ல. என்ன குடுத்தான்?

அச்சுக்காரர்: கிலோ பதினஞ்சு. நானூத்தித் தொண்ணூத்தஞ்சு.

அக்கா: நாலு மாசத்துக்கு முந்தியா? இருங்க... அப்பதானே எனக்குச் செருப்பு வாங்கிட்டு வந்தீங்க? 'உனக்குன்னு ஆசையா வாங்கினேன்'னு!

அச்சுக்காரர்: ஆசையாத்தான் வாங்கினேன்.

அக்கா: தம்பி எழுதினதை வித்து அக்கா காலுக்குப் போட்டிருக்கீங்க! இது எனக்கே தெரியாது பாருங்க. மத்ததெல்லாம் தெரியும்.

அச்சுக்காரர்: மத்ததெல்லாம்னா?

சுமைக்காரர்: மூணு மாசத்துக்கு முந்தி கிடங்குல ஒரு பெட்டி கைதவறி விழுந்துச்சு மச்சான். பீங்கான் கோப்பை. உடைஞ்சதை அள்ளும்போது சுத்தியிருந்த தாளைப் பார்த்தேன். தலையில 'முதுகெழுத்து'. பன்னெண்டாம் பக்கம்.

அச்சுக்காரர்: அட கடவுளே...

சுமைக்காரர்: பழைய பேப்பர்காரர் எங்க கிடங்குக்குத்தான் வித்திருக்கார். நீங்க ஒட்டாம வச்சிருந்தீங்க இல்ல, பக்கம் பக்கமா, கட்டுக் கட்டா? அது அப்படியே கட்டுக் கட்டா வந்திருக்கு. ஒரு கட்டுன்னா முழுசும் ஒரே நாட்டுக்குப் போற பெட்டிக்கு. குளிர் நாட்டுக்குப் பன்னெண்டாம் பக்கமும் இன்னும் நாலஞ்சு கட்டும். அதுக்குப் பக்கத்து நாட்டுக்கு இருபத்தேழும் மத்ததும். பூராவும் நானே லாரியில ஏத்தினது. என் புத்தகத்தை நானே சுமந்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கேன், கூலிக்கு.

அச்சுக்காரர்: அன்னிக்கே என் சட்டையைப் பிடிச்சிருக்கலாமே நீ.

சுமைக்காரர்: பிடிக்கத்தான் கிளம்பினேன். வாசல் வரைக்கும் வந்தேன். கையில அந்தத் தாளு இருந்துச்சா... நின்னு படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் கோவம் வரல. திரும்பிப் போய் மிச்சமிருந்த தாளை எல்லாம் கசக்காம மடிச்சு, பேரு தெரியுற மாதிரி பெட்டிக்குள்ள மேலாப்புல வச்சேன். திறக்கிறவன் முதல்ல அதைத்தானே பார்ப்பான்? பேரு இருக்கு. தேடணும்னு தோணினா தேடட்டும்.

அச்சுக்காரர்: தேடியிருக்கானுங்களே...

சுமைக்காரர்: அந்த எழுநூத்தி நாப்பது ரூபா மைதான் மச்சான், ஒன்பது நாடும்.

அச்சுக்காரர்: அப்ப நாலு மணிக்கு வர்ற அம்மா? அவங்ககிட்ட என்னடா சொல்லப் போறே? கோப்பை சுத்தின தாளுன்னு தெரிஞ்சா பரிசும் போச்சு, ஆயிரம் பிரதியும் போச்சு.

சுமைக்காரர்: படிவத்துல முதல் வரியே அதுதான் எழுதினேன். 'ஒரு பிரதியும் விற்காத புத்தகம். பீங்கான் பொதிந்த தாளாக வெளிநாடு போனது.' அதனாலதான் தபால்ல அனுப்பச் சொல்லாம நேர்லயே வர்றாங்க. போய்த் திரும்பி வந்த தாளுல எது கிடைச்சாலும் அதையே பார்க்கணுமாம்.

அச்சுக்காரர்: கிடைச்சாலா? எங்க கிடைக்கும்?

அக்கா: மூணு மாசமா எதைத் தேய்க்கிறேன்னு கேட்டீங்களே.

அச்சுக்காரர்: ...அடிப்பாவி.

அக்கா: உடைஞ்ச பெட்டி, திரும்பி வந்த பெட்டின்னு எதுல தாளு கிடைச்சாலும் கொண்டுவந்து போடுவான். ஈரத்துணியை மேல விரிச்சு, சூடு கம்மியா வச்சுத் தேய்க்கணும். உங்க சட்டையைவிட நல்லா வந்திருக்கு. அலமாரியில உங்க வேட்டிக்கு அடியிலதான் வச்சிருக்கேன்.

அச்சுக்காரர்: ரெண்டு பேரும் சேர்ந்து என்னை இப்படி... அப்ப பிரதி உங்ககிட்டேயே இருக்கு! இங்க வந்து என்கிட்ட எதுக்குடா கேட்டே?

சுமைக்காரர்: அட்டை இல்லாம இருந்துச்சு மச்சான். இப்பக் கிடைச்சிடுச்சு. உள்பக்கம் உங்க கையெழுத்தோட.

அச்சுக்காரர்: ...வேலை என் அச்சகத்துக்குத்தானே? அதுல பொய் இல்லையே?

சுமைக்காரர்: உங்களுக்குத்தான். ஆனா இந்தத் தடவை ஒட்டிக் குடுக்கணும்.

அச்சுக்காரர்: ஒட்டுறேன், தைக்கிறேன், என்ன சொன்னாலும் செய்றேன். அலமாரியில இருக்கிறது முழுசா இருக்கா? நாப்பத்தெட்டுத் தாளும்?

சுமைக்காரர்: நாப்பத்தேழு. கடைசித் தாளு மட்டும் ஒண்ணுகூடக் கிடைக்கல. நான் பார்க்கிறதுக்கு முந்தியே அந்தக் கட்டு முழுசும் தீவுக்குப் போற பெட்டியில போயிடுச்சு. அங்க இருந்து எதுவும் உடைஞ்சு திரும்பி வரல.

அச்சுக்காரர்: நூறு காட்டுச்சே, அந்தத் தீவா?

சுமைக்காரர்: அதேதான்.

அச்சுக்காரர்: இன்னும் பத்து நிமிசம் இருக்கு. அதுல நீ என்ன எழுதியிருந்தேன்னு சொல்லு. இப்பவே அடிச்சுச் சேர்த்துடுறேன். அந்த அம்மா கண்ணுல குறை தெரியக் கூடாது.

சுமைக்காரர்: வேண்டாம் மச்சான்.

அச்சுக்காரர்: சொல்லுடா.

சுமைக்காரர்: 'இந்தப் புத்தகத்தைக் கடனுக்கு அச்சடித்துக் கொடுத்து, அந்தக் கடனை ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்காத என் மச்சானுக்கு நன்றி'ன்னு எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டுத்தான் அந்தத் தீவே, மச்சான்னா என்ன, எங்க கிடைக்கும்னு தேடிக்கிட்டு இருக்கு.